கான்ட்ராக்ட் கோழியா, சொந்தக் கோழியா: 5,000 கோழி ஷெட்டுக்கு எது தாங்கும்?

பெங்களூரைச் சுற்றி ஆனேக்கல், ஹொசகோட்டை, தொட்டபள்ளாபுரம் பக்கம் கொஞ்சம் நிலம் வாங்கிப் போட்ட நம் ஆட்கள் பலருக்கும் கறிக்கோழி யோசனை வருகிறது. வந்ததும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: கம்பெனியோடு கான்ட்ராக்ட் போடலாமா, நாமே குஞ்சு வாங்கி வளர்த்து விற்கலாமா? நான் சொந்தமாக வளர்த்துவிட்டு கான்ட்ராக்டுக்கு வந்தவன். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை.

எல்லாருக்கும் தெரிந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கான்ட்ராக்டில் குஞ்சு, தீவனம், மருந்து கம்பெனியுடையது. ஷெட், கரண்ட், தண்ணீர், உமி, ஆள் நம்முடையது. கோழி எடைக்கு வளர்ப்புக் கூலி கிடைக்கும், எருவும் நமக்கே. சொந்தத்தில் எல்லாமே நம் காசு, லாபமும் நமக்கே. விலை நன்றாக இருக்கும் மாதத்தில் சொந்தக்காரர் ஒரே பேட்ச்சில் எடுக்கிற பணம், கான்ட்ராக்ட்காரருக்கு ஒரு வருஷக் கூலியாகக் கூட இருக்கலாம். அதைப் பார்த்துத்தான் எல்லாரும் இறங்குகிறார்கள்.

ஆனால் கோழி விலை ஏன் இப்படி ஏறி இறங்குகிறது என்று ஒரு தடவை உட்கார்ந்து யோசிக்க வேண்டும். விலை ஏறியதும் கம்பெனிகள் தாய்க்கோழிகளைக் கூடுதலாக விடுகின்றன. தாய்க்கோழி முட்டைக்கு வர ஏறக்குறைய 24 வாரம், முட்டை பொரிய 21 நாள், குஞ்சு கறிக்கு வர ஆறு வாரம். ஆக, இன்று நல்ல விலை பார்த்து எடுத்த முடிவு எட்டு மாதம் கழித்துத்தான் சந்தைக்குக் கோழியாக வரும். எல்லாரும் ஒரே சமயத்தில் எடுத்த முடிவு ஒரே சமயத்தில் வந்து நிற்கும்போது விலை சரிகிறது. அதற்கு மேல் பலர் கறி தொடாத சிராவணம், கார்த்திகை, ஐயப்ப சீசன். தமிழ்நாட்டில் புரட்டாசி வந்தால் நமக்கென்ன என்று இருக்க முடியாது. அங்கே விற்காத பல்லடம் கோழி இங்கேதான் வண்டி ஏறும்.

சரி, விலை விழுந்துவிட்டது. இரண்டு வழியிலும் அடி உண்டு. சொந்தத்தில் ஷெட் நிறைந்திருக்கும்போது அடி, கான்ட்ராக்டில் ஷெட் காலியாகக் கிடக்கும்போது அடி. என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது இது ஒன்றுதான்.

முதலில் நிறைந்த ஷெட். நாற்பது நாள் தாண்டிய கோழி ஒரு நாளைக்கு 180 முதல் 200 கிராம் தின்னும். 5,000 கோழிக்குக் குறைந்தது 900 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டையில் 18. தீவனம் கிலோ 40 ரூபாய் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 36,000 ரூபாய். வியாபாரி போனை எடுக்கமாட்டார், எடுத்தால் ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்பார். அன்றைக்குக் கோழி கூடுகிற எடை மொத்தம் 450 கிலோ இருக்கலாம். பண்ணை விலை 70 என்றால் 31,500 ரூபாய்தான். நிற்கிற ஒவ்வொரு நாளும் நஷ்டம், பெரிய கோழி என்று சொல்லி விலையில் இன்னும் குறைப்பார்கள், வெயில் காலமானால் சாவு வேறு. உற்பத்திச் செலவு கிலோவுக்கு 90 ஆகியிருந்து 70க்கு விற்றால், 10 டன்னில் 2 லட்சம் போய்விட்டது. அந்த 2 லட்சம் நம் பையில் இருந்த பணமாக இருக்காது, தீவனக்காரரிடம் வாங்கிய கடனாக இருக்கும்.

இப்போது காலி ஷெட். கம்பெனி சந்தையைப் பார்த்துக் குஞ்சு விடுவதைத் தள்ளிப்போடும். ‘மார்க்கெட் சரியில்ல சார், இன்னும் ரெண்டு வாரம் ஆகும்’ என்பார் சூப்பர்வைசர். அந்த இரண்டு வாரம் சில சமயம் ஒன்றரை மாதம் ஆகும். 42 நாள் வளர்ப்பு, 15 நாள் இடைவெளி என்றால் வருஷத்துக்கு 6 பேட்ச். இடைவெளி 45 நாளானால் 4 பேட்ச்தான். கூலி கிலோவுக்கு 7 ரூபாய் வீதம் 10 டன்னுக்கு 70,000. இரண்டு பேட்ச் போனால் 1,40,000 வராமல் போகும். வலிக்கும். ஷெட்டில் தங்கியிருக்கும் ஆளுக்குச் சம்பளம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனாலும் வராமல் போன வருமானம் வேறு, தலையில் ஏறிய கடன் வேறு.

2020 பிப்ரவரி, மார்ச்சில் கோழி தின்றால் கொரோனா வரும் என்ற புரளியில் விலை அதலபாதாளத்துக்குப் போனது. கர்நாடகத்திலேயே சில பண்ணைகளில் உயிருள்ள கோழிகளைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். அடுத்த வருஷம் தீவனத்தில் சேரும் சோயாப் புண்ணாக்கு விலை எகிறி, 2021 ஆகஸ்டில் மத்திய அரசே 12 லட்சம் டன் இறக்குமதிக்கு அனுமதி தர வேண்டியதாயிற்று. இப்போது தீவனத்துக்கான மக்காச்சோளத்துக்கு எத்தனால் ஆலைகள் போட்டி. இதையெல்லாம் 5,000 கோழிக்காரர் தாங்குவது கஷ்டம்.

சொந்த வளர்ப்புக்கு ஓர் இடம் உண்டு. கையில் சிக்கன் கடை இருப்பவருக்கு அதுதான் சரி. அத்திபெலேயில் கடை வைத்திருக்கும் ஒரு நண்பர் தன் கோழியைத் தானே அறுத்து விற்கிறார்; பண்ணை விலை விழுந்தாலும் கடை விலை அதே வேகத்தில் விழுவதில்லை, அந்த வித்தியாசம் அவருக்கே. யுகாதிக்கு மறுநாள், ஊரே கறி சமைக்கும் ஹொசதொடக்குக்குக் கணக்குப் போட்டுக் குஞ்சு விடுவார். கடை இல்லாதவருக்கு அந்தச் சாமர்த்தியம் பாதிதான் பலிக்கும்.

கான்ட்ராக்ட் சொர்க்கம் என்று சொல்லவில்லை. கையெழுத்துப் போடும்போதே வெற்றுச் செக் கேட்கிறார்கள். கோழி பிடிக்கிற வண்டி இரவு பத்து மணிக்கு என்பார்கள், சாயங்காலமே தீவனத் தட்டைத் தூக்கிக் கட்டிவிடுவோம், வண்டி வருவது விடியற்காலை மூன்றுக்கு. அதுவரை கோழி இழந்த எடை நம் கணக்கில். அது எஃப்.சி.ஆரை, அதாவது ஒரு கிலோ எடைக்கு எத்தனை கிலோ தீவனம் என்ற கணக்கைக் கெடுக்கும், எஃப்.சி.ஆர் கூலியைக் குறைக்கும். எடை போடும்போது கூடவே நின்று கூண்டுக்குக் கூண்டு எழுதிக்கொள்ள வேண்டும், தூக்கம் வந்தாலும்.

அப்புறம் விதிமுறைகள். 5,000 கோழிக்கு மேல் போனால் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி தேவை. குடியிருப்புப் பகுதியிலிருந்து 500 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்கிறது மத்திய வாரியத்தின் வழிகாட்டுதல். சர்ஜாபுரம் பக்கம் லேஅவுட்காரர்கள்தான் பண்ணையைத் தேடி வருகிறார்கள், வந்த பிறகு ஈ தொல்லை என்று புகார் எழுதுகிறார்கள். இதில் கம்பெனி கைகொடுக்காது, ஷெட் நம் பேரில். மருந்து விஷயத்தில் மட்டும் கான்ட்ராக்டில் சற்று நிம்மதி. கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை 2019லேயே தடை செய்தாயிற்று, எந்த மருந்தை எப்போது நிறுத்த வேண்டும் என்ற கணக்கைக் கம்பெனி டாக்டர் பார்த்துக்கொள்கிறார்.

கம்பெனிகள் இப்போது இ.சி. ஷெட், அதாவது சூடும் காற்றும் மெஷினால் கட்டுப்படுத்தும் மூடிய ஷெட் கட்டுங்கள் என்கின்றன. நான் வளர்ப்பது திறந்த ஷெட்டில். அதனால் இதில் அழுத்திச் சொல்லமாட்டேன். வெயிலில் சாவு குறைவதைப் பக்கத்துப் பண்ணையில் பார்த்திருக்கிறேன். ஆனால் வங்கித் தவணை, ஷெட் காலியாக இருக்கும் மாதத்திலும் வரும். கையெழுத்துப் போடும் முன் அதே கம்பெனிக்கு வளர்க்கும் நாலு பண்ணைக்காரர்களிடம் இரண்டு வருஷ பேட்ச் கார்டுகளை வாங்கிப் பாருங்கள். கோழி வண்டி ஏறிய தேதிக்கும் அடுத்த குஞ்சு இறங்கிய தேதிக்கும் நடுவே எத்தனை நாள் என்று மட்டும் எண்ணினால் போதும். சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டாம். அவர் பதினைந்து என்றுதான் சொல்வார்.