போன் சுவிட்ச்போர்டு வாடகை ஒப்பந்தமா? கையெழுத்துப் போடுமுன் படியுங்கள் (1,89,834 ராண்ட் பாடம்)

தென்னாப்பிரிக்காவில், டர்பனில் கடையோ சின்னக் கம்பெனியோ நடத்தும் நம்மவர்களுக்கு. சாட்ஸ்வர்த்தில் என் ஹார்டுவேர் கடைக்கு எட்டு மேசை போன், அவற்றுக்கு அழைப்புகளைப் பிரித்துக் கொடுக்கும் ஒரு சுவிட்ச்போர்டு. வாடகைக்கு மாட்டித் தரும் டீலர் ஒருவரிடம் எடுத்தது. அவர் பெயரைப் போட வேண்டாம் என்கிறார் வக்கீல். ஒப்பந்தத்தை இப்போதே முடிக்க எவ்வளவு என்று இன்று காலை வந்த செட்டில்மென்ட் கடிதத்தில் 1,89,834 ராண்ட். வாட் 15 சதவீதம் தனி!

வாயால் சொன்னது, "மாசம் 2,850 தான் அங்கிள்." தாளில் இருப்பது 60 மாதம், வருஷா வருஷம் 15 சதவீத ஏற்றம். ஐந்தாம் வருஷம் மாதத்துக்கு 4,985 ஆகிவிடும். கூட்டினால் 2,30,589. பதினான்கு மாதத்தில் கட்டியது 40,755. மிச்சம்தான் அந்த 1,89,834.

ஏமாந்த இடம் எது தெரியுமா? வந்த பையன் நல்ல பையன். தைப்பூசக் காவடி பற்றிப் பேசினான், கொடுத்த டீயைக் குடித்தான். பெட்டிகள் கவுண்டர் மேல் டேப் கூடப் பிரிக்காமல் கிடக்கும்போது மூன்றாவது தாளை நீட்டினான். "டெலிவரி வந்ததுக்கு ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்." அது டெலிவரி ரசீது இல்லை. "எல்லாம் சரியாக வேலை செய்கிறது" என்று நாம் எழுதிக் கொடுக்கும் சான்று. அது போய்ச் சேர்ந்ததும் ஃபைனான்ஸ் கம்பெனி டீலருக்கு முழுப் பணத்தையும் கொடுத்துவிடும், ஒப்பந்தம் ஃபைனான்ஸ் கைக்கு மாறிவிடும். பையனின் கமிஷனும் அன்றைக்கே.

இந்த டீலர் கம்பெனிகள் விற்பனை ஆட்களைப் பிரித்து வைத்திருக்கும் விதமே இதுதான். போனில் அப்பாயின்ட்மென்ட் பிடிப்பவர் ஒருவர், நேரில் வந்து கையெழுத்து வாங்குபவர் இன்னொருவர். மாட்டுவது வெளி கான்ட்ராக்டர். பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு அக்கவுன்ட் மேனேஜர் பெரிய கம்பெனிகளுக்குத்தான். எட்டு போன் வைத்திருப்பவனுக்கு ஒரு டிக்கெட் நம்பர். போன் மேல் இருக்கும் பிராண்டுக்கு நம்மைத் தெரியவே தெரியாது, அவர்கள் விற்றது டீலருக்கு.

கோளாறுக்கு வருவோம். நாம் பேசுவது எதிரில் கேட்கும், அவர்கள் குரல் இங்கே வராது. ரூட்டரில் சிப் ஏஎல்ஜி-யை (இன்டர்நெட் வழி பேச்சைக் குழப்பிவிடும் ஒரு செட்டிங்) அணைக்காமல் போயிருந்தார்கள். ஐந்து நிமிட வேலை, நாலு மாதம் இழுத்தது. யுபிஎஸ்ஸில் சுவிட்ச்போர்டை மட்டும் சொருகி, போன்களுக்குக் கரண்ட் கொடுக்கும் நெட்வொர்க் சுவிட்சையும் ஃபைபர் இன்டர்நெட் பெட்டியையும் சாதாரண பிளக்கில் விட்டுவிட்டார்கள். லோட்ஷெடிங் (கரண்ட் கட்) வந்தால் எட்டு போனும் பிணம். யுபிஎஸ் மட்டும் பீப் பீப்.

டீலரைக் கேட்டால், "ஒப்பந்தம் இப்போ ஃபைனான்ஸ்கிட்ட." ஃபைனான்ஸைக் கேட்டால், "கருவி பழுதானாலும் வாடகை நிற்காது, 'வேலை செய்கிறது' என்று நீங்கள்தானே எழுதிக் கொடுத்தீர்கள்." பையன் வேலையை விட்டுப் போய்விட்டானாம். புதிதாக வந்த பெண் சொன்ன வழி என்ன? அப்கிரேடு! பழைய 1,89,834-ஐப் புது ஒப்பந்தத்துக்குள் தள்ளி, மறுபடி 60 மாதம்.

நுகர்வோர் சட்டம் காப்பாற்றும் என்று நம்பி உட்காராதீர்கள். 20 வேலை நாள் நோட்டீஸ் கொடுத்து ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்ற 14ஆம் பிரிவு, கம்பெனிக்கும் கம்பெனிக்கும் நடுவில் செல்லாது, கடை எவ்வளவு சின்னதானாலும். பிடிஒய், அதாவது பிரைவேட் கம்பெனி, என்று பதிந்த நம் கடைகள் எல்லாம் அதில் அடி வாங்கும்.

விரிவாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. இவ்வளவுதான்:

பழைய நம்பர் புது போனுக்கு மாறி வந்து, ஒரு முறை மெயின் சுவிட்சை அணைத்துப் பார்த்து, எல்லா போனும் பேசிய பிறகே அந்த மூன்றாவது தாளில் கையெழுத்து. ஏற்றம் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 60 மாதம் முடிந்தாலும் ஒப்பந்தம் தானாக நீளும் என்று ஒரு நிபந்தனை இருக்கும், அதை அடிக்கச் சொல்லுங்கள். சொந்தப் பிணைத் தாள் (கம்பெனி கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்பது) கட்டுக்குள் ஒளிந்திருந்தால் உருவி எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் வீட்டுக்கே வருவார்கள்.

பேங்கிலிருந்து தானாக எடுக்கும் அடுத்த டெபிட் ஆர்டர் 1ஆம் தேதி. 3,277 ராண்ட் 50 சென்ட், அதன் மேல் வாட். போன் இன்னும் ஒரு பக்கம்தான் கேட்கிறது.