மிஸ்டர் எஃப்பிஜிஏ: காண்ட்ரா பாட்டு ஏன் இவ்வளவு வேகம்?

பழைய வீடியோ கேம் மெஷின்களாக உருமாறும் மிஸ்டர் பெட்டியை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வீட்டில் மல்டிமீட்டர் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். இல்லையென்றால் முதலில் மல்டிமீட்டர் வாங்குங்கள். பெட்டியைப் பிரித்து டிவியில் சொருகியதும் மரியோ குதிக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இது சரிப்படாது. அவர்களுக்கு ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் கையடக்க கேமே போதும், நிம்மதியும் கூட.

நான் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பவன். வீடு சாலிகிராமம். மார்கழியில் கல்யாணம் கிடையாது, சபாக்களில் எங்களுக்கு வேலையும் கிடையாது. இந்த மாதிரி வம்புகளை இழுத்துப் போட்டுக்கொள்ள அந்த மாதம்தான் தோது. எலக்ட்ரானிக்ஸ் படித்ததில்லை. ஆனால் உடைந்த ஜாக், கல்யாண மண்டபத்து கரண்ட், உயிரை விடும் அடாப்டர் என்று இருபது வருடம் குப்பை கொட்டியதில் சோல்டரிங் அயர்ன் பிடிக்க வரும்.

மிஸ்டர் ஒரு கம்பெனி தயாரிப்பு இல்லை. 2017-இல் அலெக்ஸி மெல்னிகோவ் என்பவர் தொடங்கிய ஓப்பன் சோர்ஸ் திட்டம். டெராசிக் நிறுவனத்தின் டிஇ10-நானோ என்ற போர்டை வைத்து உருவானது. அதில் உள்ள சைக்ளோன் 5, எஃப்பிஜிஏ வகைச் சிப், அதாவது உள் இணைப்புகளைத் தேவைக்கேற்ப மாற்றி அமைக்கலாம். அதில் 1,10,000 லாஜிக் எலிமென்ட்கள் உண்டு; கூடவே இரண்டு ஏஆர்எம் பிராசசர்கள். லேப்டாப்பில் ஓடும் எமுலேட்டர், பழைய மெஷினின் ஒவ்வொரு சிப்பும் என்ன செய்திருக்கும் என்று சாஃப்ட்வேரில் வரிசையாகக் கணக்குப் போடும். எஃப்பிஜிஏவில் சிப்பின் உள் இணைப்புகளே மாறி, பழைய சிபியுவும் பிக்சர் சிப்பும் சவுண்டு சிப்பும் ஒரே நேரத்தில் ஓடும். எந்த மெஷினாக மாற வேண்டும் என்று சொல்லும் ஃபைலுக்குப் பெயர் கோர். நிண்டெண்டோ, மெகா டிரைவ், நியோ ஜியோ, பிளேஸ்டேஷன் 1 என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி கோர். பட்டன் அழுத்தியதற்கும் திரையில் துள்ளுவதற்கும் நடுவே இருக்கும் தாமதம் மிகக் குறைவு. கீபோர்டில் லேட்டன்சியோடு மல்லுக்கட்டியவனுக்கு அது உடனே தெரியும். ஆனால் "ஹார்டுவேர் சார், நூறு சதவீதம் அசல்" என்று விற்பவர் சொன்னால் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுங்கள். கோர் எழுதியவர் அந்தப் பழைய சிப்பை எந்த அளவுக்குப் புரிந்துகொண்டாரோ அந்த அளவுக்குத்தான் அசல்.

டிஇ10-நானோ விலை ஏறிக்கொண்டே போனதால், 2024 முதல் அதற்கு இணையான மலிவு போர்டுகள் வர ஆரம்பித்தன. என்னுடையது அந்த வகை. போர்டு, 128 எம்பி ராம், யுஎஸ்பி ஹப், அனலாக் வீடியோ போர்டு, கேஸ், கூரியர், கஸ்டம்ஸ் எல்லாம் சேர்த்து 30,000 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே நின்றது. வீட்டில் சொன்ன தொகை வேறு.

மென்பொருள் பக்கம் பெரிய சிரமம் இல்லை. மிஸ்டர் ஃப்யூஷன் என்ற இமேஜ் ஃபைலை எஸ்டி கார்டில் எழுதி, போர்டில் போட்டு ஆன் செய்தால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். அப்புறம் நெட் கேபிள் சொருகி, அப்டேட் ஆல் என்ற ஸ்கிரிப்டை ஓடவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம். முதல் நாள் ஒரு யுஎஸ்பி கீபோர்டு கட்டாயம் வேண்டும், மெனுவைத் திறக்க எஃப்12. கேம்கள் இதோடு வராது, அது உங்கள் பாடு.

பிரச்சினை கரண்டில்தான் ஆரம்பித்தது. ஒரு கன்ட்ரோலர் மட்டும் இருந்தால் எல்லாம் சரி. இரண்டாவது கன்ட்ரோலரையும் வைஃபை டாங்கிளையும் சொருகினால், காண்ட்ரா என்ற துப்பாக்கிச் சண்டை கேமில் இரண்டாவது ஆள் திடீரென்று சிலையாக நிற்பான். சில நேரம் போர்டே ரீசெட் ஆகும். எல்லோரும் கன்ட்ரோலரைத்தான் திட்டுவார்கள். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன்: கூட வந்த அடாப்டர் சும்மா இருக்கும்போது 5.1 வோல்ட், எல்லாவற்றையும் சொருகியதும் 4.6. யுஎஸ்பி சாமான்கள் அந்த வோல்ட்டேஜில் படுத்துவிடும். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் 5 வோல்ட் 4 ஆம்ப் அடாப்டர் ஒன்று வாங்கி மாற்றியதும் தொல்லை தீர்ந்தது. வாங்கும்போது பின் 5.5-க்கு 2.1 மில்லிமீட்டர், நடுவில் பாசிட்டிவ் என்று சொல்லிக் கேளுங்கள். இன்னொன்று, வாத்தியக்காரர்கள் கவனத்துக்கு: நம் கீபோர்டின் 12 வோல்ட் அடாப்டரும் இதே ஓட்டையில் அம்சமாக உட்காரும். சொருகி ஆன் செய்தால் போர்டு போச்சு. நான் 5 வோல்ட் அடாப்டரின் கழுத்தில் சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி வைத்திருக்கிறேன், என் பையில் இருக்கும் மற்ற அடாப்டர்களோடு கலந்துவிடக் கூடாது என்று.

அடுத்து ராம். நியோ ஜியோ கேம்களில் ஆட்களின் கால் ஒரு பக்கம், தலை ஒரு பக்கம் என்று படம் சிதறியது. இதற்கு மெம்டெஸ்ட் என்று தனி கோரே இருக்கிறது. 130 மெகாஹெர்ட்ஸில் ஓடவிட்டால் பிழை எண்ணிக்கை கடகடவென்று ஏறியது. ராம் பலகையைக் கழற்றி, ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் பின்களைத் துடைத்து, நேராக அழுத்தி உட்கார வைத்ததும் அரை மணி நேரம் ஓடியும் ஒரு பிழைகூட இல்லை. திருவான்மியூரில் இருக்கும் எங்கள் பேஸ் கிடாரிஸ்டிடமும் இதே செட் இருக்கிறது. கடல் காற்றில் பின்கள் கறுத்துவிடுகின்றன, அடிக்கடி துடைக்க வேண்டியிருக்கிறது என்கிறார். தயவுசெய்து வாயால் ஊதாதீர்கள். கேசட்டை ஊதிய காலத்திலும் வேலை செய்தது எச்சில் இல்லை, கழற்றி மறுபடி சொருகியதுதான்.

இனி நான் எழுத வந்த விஷயம்.

எல்லாம் சரியானதும் முதலில் காண்ட்ரா போட்டேன். படம் கண்ணாடி மாதிரி. பாட்டு மட்டும் ஓடுகிறது. முதல் ஸ்டேஜ் பாட்டை எத்தனையோ சவுண்டு செக்கில் விளையாட்டாக வாசித்திருக்கிறேன், விரலில் அதன் வேகம் பதிந்திருக்கிறது. வீட்டுக்கு வந்திருந்த எங்கள் ரிதம் பேட் ஆளும் கேட்டதும் சொன்னான்: "டெம்போ ஏறிக் கிடக்குதுடா மச்சி."

காரணம் தேடிப் போனால் நம் ஊர்க் கதை வருகிறது. நிண்டெண்டோ 1983-இல் ஜப்பானில் விட்ட மெஷின் நொடிக்கு 60 படம் காட்டும். காண்ட்ரா, மரியோ போன்ற கேம்களில் பாட்டு ஒவ்வொரு படத்துக்கும் ஒரு அடி நகரும். நம் நாட்டு டிவி பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறை, நொடிக்கு 50. தொண்ணூறுகளில் பர்மா பஜாரிலும் பாத்திரக் கடையிலும்கூட நாம் வாங்கிய டிவி கேம்கள் பெரும்பாலும் நகல்கள். அவற்றில் பலவும் 50-க்கு ஏற்றபடி செய்த சிப்களில் ஜப்பான், அமெரிக்க கேமை அப்படியே ஓட்டியவை. 60-க்கு எழுதிய பாட்டை 50-இல் ஓட்டினால் ஆறில் ஒரு பங்கு வேகம் குறையும். 120 டெம்போ பாட்டு 100 ஆகிவிடும். நான் சின்ன வயதில் கேட்டு மனப்பாடம் செய்தது அந்த 100.

சரி, கோரின் மெனுவில் பால் என்று மாற்றிப் பார்த்தேன். வேகம் இறங்கியது, ஆனால் சுருதியும் சேர்ந்து இறங்கிவிட்டது, அரைக்கட்டைக்கும் கொஞ்சம் கூடுதலாகவே. ஐரோப்பாவில் நிண்டெண்டோவே விற்ற பால் மெஷினில் சிபியு கடிகாரம் 1.66 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்க மெஷினில் 1.79. சவுண்டும் அந்தக் கடிகாரத்திலிருந்தே பிறப்பதால் சுருதி கீழே போகிறது. இது என் நினைவில் இருக்கும் பாட்டு இல்லை.

அதே மெனுவில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: டென்டி. 1992 முதல் ரஷ்யாவில் விற்ற நகல் மெஷினின் பெயர் அது. நகல் சிப் செய்த தைவான்காரர்கள் கெட்டிக்காரர்கள். படத்தை 50-க்கு இறக்கிவிட்டு, சிபியுவை மட்டும் 1.77 மெகாஹெர்ட்ஸில், கிட்டத்தட்ட அசல் வேகத்திலேயே வைத்தார்கள். அதனால் டெம்போ இறங்கும், சுருதி ஏறக்குறைய அப்படியே நிற்கும். அசலையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டால் ஒரு துளி இறக்கம் தெரியலாம், அவ்வளவே. டென்டியில் போட்டேன். கையில் இருந்த வேகமும் காதில் இருந்த கட்டையும் இரண்டுமே பொருந்திவிட்டன. ரிதம் பேட்காரன் ஒன்றும் சொல்லாமல் தொடையில் தாளம் போட ஆரம்பித்தான்.

இன்னும் ஒரு நுணுக்கம் உண்டு. பல நகல் சிப்களில் சதுர அலையின் இரண்டு டோன்கள் இடம் மாறியிருக்கும், அதாவது மெல்லிய மூக்குக் குரல் வர வேண்டிய இடத்தில் தடித்த குரல் வரும். வேகத்தை மாற்றுவதால் மட்டும் அது திரும்ப வராது. என் பழைய டிவி கேம் எந்த ரகம் என்று சோதிக்க அது இப்போது கையில் இல்லை. அம்மா எப்போதோ பாத்திரக்காரருக்குப் போட்டுவிட்டார்.

அக்கா பையன் இதைப் பார்த்துவிட்டு, "மாமா, ஹேங் ஆகுது பாருங்க, ஸ்லோவா ஓடுது" என்றான். அவனுக்கு 60 போட்டுக் கொடுத்தேன். இந்தப் பெட்டிக்கு நான் கொடுத்த காசு அந்த ஒரு மெனு வரிக்கே தகும் என்பேன். எமுலேட்டரிலும் டென்டி உண்டுதான், ஆனால் ஜாய்ஸ்டிக்கின் தாமதம் அங்கே என் தாளத்தைக் கெடுக்கிறது.

50-க்குப் போனதும் புதுத் தலைவலி ஒன்று வரும். என் அறையில் இருந்த செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் மானிட்டர் 50 ஹெர்ட்ஸை ஏற்கவில்லை, கறுப்புத் திரை. மிஸ்டரின் ஐஎன்ஐ என்ற செட்டிங் ஃபைலில் விசிங்க் அட்ஜஸ்ட் என்று ஒரு வரி இருக்கிறது. 0 என்றால் எப்போதும் ஒரே வேகத்தில் படம் அனுப்பும். எந்தத் திரையும் ஏற்கும், ஆனால் 50 படத்தை 60-இல் பரப்புவதால் பின்னணி நகரும்போது விட்டுவிட்டு இழுக்கும். 1 என்றால் கேமின் வேகத்துக்கே எச்டிஎம்ஐயும் மாறும். 2 அதற்கும் மேல், தாமதம் மிகக் குறைவு, திரை ஒத்துழைத்தால் மட்டும். ஹாலில் இருந்த டிவி 2-இல் மறுத்தது, 1-இல் 50-ஐயும் 60.1-ஐயும் முணுமுணுக்காமல் எடுத்துக்கொண்டது. அசல் மெஷின் சரியாக 60 இல்லை, 60.1 என்பதுதான் சில திரைகளுக்கு ஒவ்வாது. கோர் மாற்றும்போது திரை ஒரு நொடி கறுத்துத் திரும்பும், பயப்பட வேண்டாம். டிவியில் கேம் மோடை ஆன் செய்ய மறந்தால் இவ்வளவு கஷ்டமும் வீண்.

கடைசியில் மிஸ்டரை ஒரு பழைய 21 இன்ச் தட்டைத் திரை டியூப் டிவியில் இணைத்தேன். பின்னால் பச்சை, நீலம், சிவப்பு என்று காம்போனென்ட் வீடியோ சாக்கெட் மூன்று இருக்கும் மாடலாகப் பார்த்து எடுக்க வேண்டும், வெறும் மஞ்சள் வயரில் இந்தச் சுகம் இல்லை. முதலில் படம் கிழிந்து உருண்டது. ஐஎன்ஐயில் படக் கோடுகளை இரட்டிப்பாக்கும் ஸ்கேன்டப்ளரை அணைத்து, விஜிஏ மோடைக் காம்போனென்டுக்கு மாற்றி, படத்தை நிலையாக நிறுத்தும் சிங்க் சிக்னலைப் பச்சை வயரில் ஏற்றும் வரியையும் ஆன் செய்ததும் நின்றது. டென்டி மோடில் 50 ஹெர்ட்ஸ், இந்த ஊர் டிவி அதற்கே பிறந்தது. டக் ஹன்ட் கேமுக்கான துப்பாக்கியும் டியூபில்தான் வேலை செய்யும், எல்சிடியில் படம் தாமதமாக வருவதால் துப்பாக்கி ஏமாந்துவிடும். துப்பாக்கியை மிஸ்டரில் இணைக்க ஸ்நாக் என்ற தனி அடாப்டர் வேண்டும். அதை நான் இன்னும் வாங்கவில்லை.

குறை என்று பார்த்தால், செட்டிங் எல்லாம் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதித் திருத்த வேண்டியிருப்பதுதான் பெரிய குறை. வயதான அப்பாவுக்கு வாங்கிக் கொடுக்கலாம் என்றால் பக்கத்தில் நீங்களும் உட்கார வேண்டும். கத்திரி வெயிலில் கேஸைத் தொட்டால் சுடும், சின்ன ஃபேன் இல்லாமல் ஓட்டாதீர்கள்.

போர்டு எனக்கு ரிச்சி தெருவில் கிடைக்கவில்லை, வெளிநாட்டிலிருந்துதான் வரவழைத்தேன். அடாப்டர், எஸ்டி கார்டு, ஃபேன், கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே, காம்போனென்ட் வயர் எல்லாம் அங்கேயே கிடைக்கும். அடாப்டரைக் கடையிலேயே லோடு கொடுத்து அளந்து காட்டச் சொல்லுங்கள், பேரம் பேசிவிட்டுக் கேட்டால் கோபப்பட மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போக வேண்டாம், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.