தஞ்சைப் பயணத்தில் நாய்களுக்குத் தடுப்பூசி: பார்த்ததும் கேட்டறிந்ததும்

இங்கிலாந்தில் நாய் வளர்ப்பவர்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி, நாயை வெளிநாட்டுக்கு அழைத்துச் செல்லும்போது மட்டுமே நினைவுக்கு வரும். அங்கே நாய்களிடம் அந்த நோய் இல்லை. அந்தப் பழக்கத்திலேயே வாழ்ந்துவிட்ட எனக்கு, இம்முறை தஞ்சாவூர் மாவட்டத்தில் உள்ள எங்கள் ஊருக்குச் சென்றபோது, அக்காவின் பிள்ளைகள் தெருவிலிருந்து எடுத்து வந்த நாட்டு நாய்க்குட்டிக்கும் வீட்டில் முன்பே இருக்கும் பெரிய நாய்க்கும் தடுப்பூசி போட்டுவரும் பொறுப்பு வந்து சேர்ந்தது. விடுமுறையில் ஊருக்கு வந்து இதே வேலையைச் செய்ய நேரும் மற்றவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் சென்றது அரசு கால்நடை மருந்தகத்துக்கு. ஆடுமாடுகளோடு வந்தவர்களே அங்கு அதிகம். ஆனாலும் மருத்துவர் எங்கள் நாய்களை அவசரப்படாமல் பார்த்தார். பெரிய நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசியை இலவசமாகவே போட்டார். குட்டிக்கு இன்னும் மூன்று மாதம் நிறையவில்லை என்பதால் அந்த ஊசிக்குத் தேதி மட்டும் குறித்துக் கொடுத்தார். மற்ற நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி அங்கே இருப்பில் இல்லாததால், தஞ்சாவூரில் ஒரு தனியார் கால்நடை மருத்துவமனைக்குச் செல்லும்படி கூறினார்.

அந்த மருத்துவமனையில் ஒரு தனி அறையில், பார்வோ நோய் கண்ட குட்டி ஒன்றுக்குச் சலைன் ஏறிக்கொண்டிருந்தது. இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கும் வாந்தியுமாக அது கிடந்த நிலையைப் பார்த்த பிறகு, ஊசி தேவையா என்ற பேச்சை எங்கள் வீட்டில் யாரும் எடுக்கவில்லை. பார்வோ வைரஸ் மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கக்கூடியது. நம் செருப்பில் ஒட்டிக்கொண்டே வீட்டுக்குள் வந்துவிடும். ஆகவே, வாசலைத் தாண்டாத நாய்க்கு ஊசி வேண்டாம் என்ற வாதம் நிற்காது.

கூட்டுத் தடுப்பூசி பார்வோ, காய்ச்சலோடு நரம்புகளையும் தாக்கும் டிஸ்டெம்பர், அடினோ வைரஸால் வரும் கல்லீரல் அழற்சி, இருமலைத் தரும் பாராஇன்ஃப்ளூயன்சா, எலிக் காய்ச்சல் ஆகியவற்றிலிருந்து காக்கிறது. செவன் இன் ஒன், நைன் இன் ஒன் என்று கடைகளில் சொல்லும் எண்களில் எலிக் காய்ச்சல் கிருமியின் வகைகளும் சேர்த்து எண்ணப்படுகின்றன. எனவே எண் பெரிதாக இருப்பதாலேயே ஊசி சிறந்ததாகிவிடாது. எந்தெந்த நோய்க்கானது என்று கேட்டுக்கொள்வதே சரி.

ஒரே ஊசியில் முடித்துவிட முடியாதா என்று அம்மா கேட்டபோது மருத்துவர் தந்த விளக்கம்தான் இந்தப் பயணத்தில் நான் கற்றவற்றில் முக்கியமானது. பிறந்தவுடன் குடிக்கும் சீம்பாலின் வழியாகத் தாயின் நோய் எதிர்ப்புப் பொருள்கள் குட்டிக்குள் சென்று சில வாரங்களுக்கு அதைக் காக்கின்றன. அதே பொருள்கள் உடலில் மிகுதியாக இருக்கும்வரை, நாம் போடும் ஊசியையும் செயல்படவிடாமல் தடுத்துவிடுகின்றன. அவை எந்த வாரத்தில் போதிய அளவு குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். நோயைத் தடுக்கப் போதாமலும், ஊசியைத் தடுக்கப் போதுமானதாகவும் அவை இருக்கும் ஓர் இடைக்காலமும் உண்டு. அதனால்தான் 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, 2 முதல் 4 வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போட்டு, கடைசி ஊசி 16 வாரத்திலோ அதற்குப் பிறகோ அமையுமாறு பார்த்துக்கொள்கிறார்கள். "மூணு ஊசி போட்டாச்சுன்னு கணக்குச் சொல்லாதீங்கம்மா, கடைசி ஊசி எந்த வயசுலன்னு பாருங்க" என்று கூறி, தடுப்பூசி அட்டையில் அந்தத் தேதியை மட்டும் சிவப்பு மையில் வட்டமிட்டார். அதன்பின் 6 மாத வயதிலிருந்து ஒரு வயதுக்குள் ஒரு பூஸ்டர் ஊசி உண்டு.

நாட்டு நாய்க்கு இயல்பாகவே எதிர்ப்புச் சக்தி அதிகம், ஊசி சீமை நாய்களுக்குத்தான் என்ற நம்பிக்கை எங்கள் ஊரில் வலுவாக இருக்கிறது. தெருவில் ஈன்ற குட்டிகளில் எத்தனை முதல் சில மாதங்களைத் தாண்டுகின்றன என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தப்பிப் பிழைத்து வளர்ந்தவற்றை மட்டும் பார்த்து எல்லாமே உறுதியானவை என்று முடிவு செய்துவிடுகிறோம்.

ஊசியைப் போலவே அதை வைத்திருக்கும் விதமும் முக்கியம். தடுப்பூசிகள் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டும். விலை குறைவு என்று ஒருவர் அனுப்பிவைத்த செல்லப்பிராணிக் கடையில், ஊசி மருந்துப் புட்டிகள் குளிர்பானங்களோடு குளிர்சாதனப் பெட்டியின் கதவுத் தட்டில் இருந்தன. மின்சாரம் நின்று அந்தப் பெட்டி அணைந்திருந்தது. கடைப்பணியாளரே ஊசி போட்டுவிடுவதாகவும் கூறினார். நாங்கள் திரும்பிவிட்டோம். மருத்துவமனையிலோ, முதலில் எடையும் உடல் வெப்பமும் பார்த்து, குடற்புழு நீக்க மருந்து கொடுத்தது எப்போது என்று கேட்ட பிறகே புட்டியை எடுத்தார்கள். அடியில் வெண்ணிறக் கட்டியாக உலர்ந்திருந்த மருந்தில் மற்றொரு புட்டியின் திரவத்தைச் செலுத்தி, மெல்லக் கலக்கி, அந்த நிமிடமே குட்டியின் கழுத்துத் தோலைத் தூக்கி, அதனடியில் ஊசி போட்டார்கள். தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் உள்ள ஒட்டுத்தாளைப் புட்டியிலிருந்து உரித்து அட்டையில் ஒட்டி, மருத்துவர் கையொப்பமிட்டார். முகம் வீங்கினாலோ வாந்தி எடுத்தாலோ உடனே கவனிக்க வசதியாக, அரை மணி நேரம் அங்கேயே இருக்கச் சொன்னார்கள்.

பெரிய நாயின் நிலை வேறு. என்றோ ஒரு முகாமில் ஒரே ஒரு முறை ஊசி போட்டதாக அத்தான் சொன்னாரே தவிர, அட்டை எதுவும் இல்லை. பழைய கணக்கு தெரியாத நாயை ஊசியே போடாததாகக் கருத வேண்டும் என்பதால், அதற்கும் கூட்டுத் தடுப்பூசி தொடங்கப்பட்டது. பார்வோ, டிஸ்டெம்பர் போன்றவற்றுக்கு வளர்ந்த நாயின் உடல் விரைவாகவே பாதுகாப்பைப் பெற்றுவிடும். அந்தப் பாதுகாப்பு ஆண்டுக்கணக்கில் நிற்பதால், இங்கிலாந்தில் அவற்றை 3 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் போடுகிறார்கள். எலிக் காய்ச்சல் ஊசி அப்படியல்ல. முதல்முறை சில வார இடைவெளியில் இரண்டு ஊசிகள் தேவை. பாதுகாப்பு ஏறத்தாழ ஓராண்டுதான் நிற்கும். வயலும் வாய்க்காலும் எலி வளைகளும் சூழ்ந்த காவிரிப் படுகையில், மழைக்காலத்தில் எலியின் சிறுநீர் கலந்த நீரில் இறங்காத நாய் ஏது? அது மனிதருக்கும் தொற்றும் நோய் என்பதால், ஐப்பசி மழைக்கு முன்பே அந்த ஊசியை ஆண்டுதோறும் போட்டுவிடுவது நல்லது என்பது என் கருத்து.

வெறிநோய்த் தடுப்பூசியையும் இங்கே ஆண்டுக்கு ஒருமுறை போடுகிறார்கள். அறிகுறி தோன்றிவிட்டால் ஏறக்குறைய உறுதியாக உயிரைப் பறிக்கும் நோய் இது. குட்டி விளையாட்டாகக் கடித்தாலும் கீறினாலும் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று அக்காவின் பிள்ளைகளிடம் மருத்துவர் நேரிடையாகவே கூறினார். கடித்த இடத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கோ செல்ல வேண்டும். நாய்க்கு ஊசி போட்டாயிற்று என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது.

இரண்டு அட்டைகளையும் படமெடுத்து என் கைபேசியில் வைத்துக்கொண்டேன். குட்டியின் வெறிநோய் ஊசிக்கும் சிவப்பு வட்டமிட்ட ஊசிக்கும் அழைத்துச் செல்வதாக அத்தான் ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்தக் கடைசி ஊசி முடிந்து இரண்டு வாரம் ஆகும்வரை குட்டியைத் தெருவில் இறக்கிவிடாமல் தூக்கிக்கொண்டே வெளியே சென்றுவர, பிள்ளைகள் முறை வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.