ஏற்காடு சுவரொட்டி: டிஜிட்டல் பிரிண்டா, ஸ்கிரீன் பிரிண்டா?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளைப் பழைய காலப் பயணச் சுவரொட்டி பாணியில் வரைந்தேன். மலைமேல் காப்பித் தோட்ட விடுதி ஒன்றுக்கு 60 பிரதிகள் தேவைப்பட்டன. முதலில் டிஜிட்டல் பிரிண்ட், பிறகு அதே படம் ஸ்கிரீன் பிரிண்டிங்கில், அதாவது சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணி வழியே மையைத் தாளில் அழுத்தும் முறையில். இரண்டையும் ஒரே சுவரில் மாட்டிப் பார்த்துவிட்டேன். என் ஓட்டு ஸ்கிரீனுக்கு.

டிஜிட்டலின் வசதி எல்லோரும் அறிந்ததுதான். காலையில் கொடுத்தால் மாலையில் கையில் கிடைக்கும். ஒரே ஒரு பிரதிகூடப் போடலாம். நிறங்களுக்குக் கணக்கே இல்லை.

அங்கேதான் எனக்கு இடறியது. 19ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ஓவியர் ஜூல் ஷெரே கல்லச்சில் (கல்லில் படம் வரைந்து மையிட்டு அச்சிடும் முறை) சுவரொட்டி போட்டபோது ஒவ்வொரு நிறத்துக்கும் தனி அச்சு. அதனால் ஒன்றின்மேல் ஒன்றை அச்சிட்டு இன்னொரு நிறத்தைப் பெற்றார்கள். பழமை என்று நம் கண் உணர்வது இந்தச் சிக்கனத்தைத்தான். நானோ டிஜிட்டல் படத்தில் கறையும் மடிப்பும் வரைந்து பழமையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஸ்கிரீனுக்காக மஞ்சள், நீலம், காப்பிப்பழச் சிவப்பு என மூன்றே மைகளுக்கு வந்தேன். மலை முழுவதும் மஞ்சள்; அதன்மேல் ஒளி ஊடுருவும் நீலம். இரண்டும் சேர்ந்த இடம் சில்வர் ஓக் மரங்களின் பச்சையானது. நீலம் படாமல் விட்ட பட்டை சாலை. எந்த மையும் தொடாத வெறும் தாள் மூடுபனி. இந்த அடுக்கை டேப்லெட்டிலும் வரைந்தேன், திரையில் அழகாகவே இருந்தது. அச்சில்தான் வேறுபாடு தெரிந்தது. டிஜிட்டல் இயந்திரம் அந்தப் பச்சையை நான்கு நிறப் புள்ளிகளாக உடைத்துப் போடுகிறது. லென்ஸ் வைத்தால் புள்ளிக்கூட்டம். ஸ்கிரீனிலோ டப்பாவில் கலந்த மை அப்படியே ஒரே பரப்பாகத் தாளில் உட்காருகிறது. விரலால் தடவினால் மேடு தட்டுப்படும்.

உழைப்பு அதிகம்தான். நிறத்துக்கு ஒரு ஃபிலிம் (அந்த நிறம் விழும் இடங்களை மட்டும் கறுப்பில் காட்டும் ஒளிபுகும் தாள்), அதை வைத்து ஒரு ஸ்கிரீன். சேலத்து வெயிலில் மை வலையிலேயே காய்ந்து அடைத்துக்கொண்டது. ரெஜிஸ்டர், அதாவது நிறங்கள் ஒன்றோடொன்று பொருந்தி விழும் இடம், அரை மில்லிமீட்டர் விலகியதும் மூடுபனியின் ஓரத்தில் மஞ்சள் கோடு எட்டிப்பார்த்தது. எட்டுப் பிரதிகள் அப்படி வீணாயின. முந்தின நாளே தாளை அச்சறையில் பிரித்து வைத்து, காற்றின் ஈரத்துக்குப் பழக்கிய பிறகு சீரானது.

எது அதிக நாள் மங்காமல் இருக்கும் என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன். என் பிரதிகள் நிழல் விழும் சுவரில் ஒரே ஒரு மழைக்காலத்தைத்தான் கண்டிருக்கின்றன. பத்துப் பிரதிக்குள் என்றால் டிஜிட்டலுக்கே போங்கள், ஸ்கிரீன் செலவு கட்டாது. அதற்கு மேல் என்றால் யோசிக்க வேண்டாம். அச்சகத்தில் என் ஸ்கிரீன்களை அடுத்த வேலைக்காகக் கழுவிவிட்டார்கள். மூன்று ஃபிலிம்களை மட்டும் சுருட்டி வைத்திருக்கிறேன். கோடை விழாவுக்கு மறுபடி போடும்போது மஞ்சளுக்குப் பதில் ஆரஞ்சு மை ஊற்றி, அதே மலையை மாலை வெயிலில் காட்டப்போகிறேன்.