எஃப்.என்.ஏ.சி.யா, பயாப்ஸியா? ஊசி வெளியே வந்தபிறகுதான் பதில்

கழுத்தில் நெறிக்கட்டி, தைராய்டு வீக்கம், மார்பில் கட்டி, விந்தில் ஓர் அணுகூட இல்லாத நிலை. எதுவானாலும் ஆய்வகத்துக்குத் தேவை செல்கள். 22 முதல் 25 கேஜ் வரையிலான மெல்லிய ஊசியால் அவற்றை உறிஞ்சி ஸ்லைடில் தேய்ப்பது எஃப்.என்.ஏ.சி. தடித்த ஊசியாலோ (மார்பகத்துக்குப் பெரும்பாலும் 14 கேஜ்) கத்தியாலோ திசுவைத் துண்டாகவே எடுப்பது பயாப்ஸி.

வலி குறைவு, தழும்பு இல்லை, அன்றே முடிவு சொல்லலாம் என்பதெல்லாம் தெரிந்த கதை. முதல் சோதனையாக என் ஓட்டு ஊசிக்குத்தான். ஆனால் அது செல்லாத ஓட்டாகிவிடாமல் இருப்பது ஊசி வெளியே வந்த அடுத்த சில நொடிகளைப் பொறுத்தது.

உட்கருவைத் தெளிவாகக் காட்டும் பாபனிகோலோ சாயத்துக்கான ஸ்லைடு, ஈரம் உலருமுன் 95 சதவீத எத்தனாலில் இறங்க வேண்டும். குறைந்தது 15 நிமிடம் அதிலேயே கிடக்க வேண்டும். பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டுத் திரும்புவதற்குள் மெல்லிய பூச்சு காய்ந்துவிடும். காய்ந்தால் உட்கரு ஊதும், அதனுள் இருக்கும் மரபுப்பொருளான குரோமாட்டின் கலங்கி மங்கும், உட்கருவைச் சுற்றியுள்ள சைட்டோபிளாசம் சிவக்கும். புற்றுச்செல்லைக் காட்டிக்கொடுப்பதே உட்கருவின் அளவும் குரோமாட்டினின் கரடுமுரடும்தானே! சாதாரணச் செல் பெருத்துத் தெரியும். கெட்ட செல்லின் முகம் அழிந்துபோகும். ஜீம்சா என்ற இன்னொரு சாயத்துக்கோ நேர்மாறு: ஸ்லைடு சட்டென்று முழுக்கக் காய வேண்டும். பாதி காய்ந்ததை ஆல்கஹாலில் போட்டால் இரண்டுக்கும் உதவாது. ஆகவே ஆல்கஹால் ஜாடியைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஊசியைக் கையில் எடுக்க வேண்டும். ஸ்லைடில் பெயரைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மையை ஆல்கஹால் கழுவிவிடும்.

மற்ற சறுக்கல்களும் இந்த நேரத்தில்தான். உறிஞ்சலைத் தளர்த்தாமல் ஊசியை உருவினால் செல்கள் சிரிஞ்சுக் குழாய்க்குள் ஏறிவிடும். தேய்க்கும்போது அழுத்தினால் நெறிக்கட்டியின் லிம்போசைட்டுகள் (ஒருவகை வெள்ளணுக்கள்) நசுங்கி நூல் நூலாக இழுபடும். தைராய்டில் உறிஞ்சலே வேண்டாம், ஊசியை மட்டும் செலுத்தினாலே போதும், ரத்தக்கலப்பு குறையும். அங்கே குறைந்தது 6 கொத்துகள், கொத்துக்கு 10 ஃபாலிக்குலர் செல்களாவது (தைராய்டின் சுரப்புச் செல்கள்) இருக்க வேண்டும் என்பது, தைராய்டு ஊசிச் சோதனை முடிவுகளை வகைப்படுத்தும் பெதஸ்டா முறையின் பொது அளவுகோல். டொலுயிடின் நீலம் என்ற விரைவுச் சாயத்தில் ஒரு ஸ்லைடை அங்கேயே பார்த்துவிட்டால், போதவில்லை என்றால் உடனே மறுபடி குத்தலாம்.

பயாப்ஸி இவ்வளவு முரண்டு பிடிக்காது. துண்டை அதன் அளவைப்போல் பத்து மடங்கு ஃபார்மலினில் (திசு கெடாமல் காக்கும் திரவம்) போட்டால் போதும். திசுவின் அமைப்பும் குலையாமல் தெரியும். தைராய்டின் ஃபாலிக்குலர் கட்டி தன் உறையைத் துளைத்ததா, மார்பகப் புற்று நாளத்துக்குள்ளேயே நிற்கிறதா, லிம்போமா (நிணநீர்ப் புற்று) எந்த வகை என்பவற்றுக்கு ஸ்லைடில் தேய்த்த செல்கள் மட்டும் போதாது, திசு வேண்டும்.

குழந்தையின்மையில் கணக்கு கொஞ்சம் மாறுகிறது. விந்தணு உற்பத்தி விரையில் ஓரிடத்தில் இருக்கும், பக்கத்திலேயே இருக்காது. ஊசியால் பல இடங்களைத் தொடலாம்; பயாப்ஸி பெரும்பாலும் ஓரிரு இடத்தோடு நின்றுவிடும். பூச்சில் விந்தணு வாலோடு முழுதாகத் தெரியும். வெட்டுத்துண்டில் வால் அறுபட்டு, விந்தணுவுக்கு முந்தைய நிலையான முதிர்ந்த ஸ்பெர்மாட்டிடா, விந்தணுவா என்று குழம்ப வைக்கும். அதற்கும் முந்தைய நிலையான ஸ்பெர்மாட்டோசைட்டுகள் இருந்தும் அதற்கு மேல் எதுவும் இல்லையென்றால் முதிர்ச்சி இடையில் நின்றிருக்கிறது. உட்கருவுக்குள் பளிச்சென்ற நியூக்ளியோலஸ் புள்ளியுடன் கிழிந்த விளிம்புள்ள செர்டோலி செல்கள் (விந்தணுவை வளர்க்கும் துணைச் செல்கள்) மட்டுமே என்றால், அந்த இடத்தில் விந்தணுவாக வளரும் விதைசெல்களே இல்லை.

ஆனால் விந்தணு உருவாகும் குழல்கள் இறுகித் தடித்த விரையில் ஊசி வெறுமனே வரும். அது நோயா, கைப்பிழையா என்று ஸ்லைடு சொல்லாது, பயாப்ஸி சொல்லும். இந்தச் செல்களைப் பார்த்துப் பழகிய கண் இல்லாத ஆய்வகத்திலும் பயாப்ஸியே மேல். ஆனால் விரைத் துண்டுக்கு மட்டும் ஃபார்மலின் வேண்டாம், குழல்கள் சுருங்கும்; திசுவைப் பதப்படுத்தும் பூவன் திரவம் நல்லது. விந்தணுவை உறைய வைக்கும் எண்ணம் இருந்தால் ஒரு துண்டை முதலிலேயே வளர்ப்பு ஊடகத்தில் தனியாக எடுத்துவைக்க வேண்டும். பூவனில் விழுந்தது திரும்பாது.

விரையிலேயே புற்றுக்கட்டி என்ற சந்தேகம் இருந்தால் விரைப்பை வழியாக ஊசியும் கூடாது, துண்டும் கூடாது. பொதுவாகக் கவட்டை வழியாக விரையையே எடுத்துத்தான் சோதிப்பார்கள். அதனால் குழந்தையின்மைக்கு வந்தவருக்கும் முதலில் அல்ட்ராசவுண்ட், பிறகுதான் ஊசி.