மனநோய்ப் பெயர்களின் கதை சொல்லும் ஆடியோ பாடத்தொடர்: கேட்கலாம்

தம்பிக்கு பைபோலார், அதாவது அளவுகடந்த உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறிமாறி வரும் மனநோய். அவனோடு மருத்துவரிடம் போய் வருவது நான்தான். அதனால்தான் மனநோய்களின் பெயர்கள் மாறிய வரலாற்றைப் பற்றிய இந்தத் தொடரை வாங்கினேன்.

ஸ்கிசோஃப்ரீனியா (மனச்சிதைவு நோய்) பகுதிக்கே கொடுத்த காசு சரியாகப் போயிற்று. ஜெர்மன் மனநல மருத்துவர் கிரேப்பெலின் அதை ‘டிமென்ஷியா ப்ரீகாக்ஸ்’ என்றார், இளமையிலேயே வரும் அறிவுச் சிதைவு என்ற பொருளில். எல்லோருக்கும் இளமையில் வருவதில்லை, எல்லோருக்கும் அறிவு சிதைவதுமில்லை என்று 1908-ல் சுவிஸ் மனநல மருத்துவர் ப்ளாய்லர் ‘ஸ்கிசோஃப்ரீனியா’ என்று புதுப் பெயர் வைத்தார். அதற்குப் ‘பிளந்த மனம்’ என்று பொருள். ஓர் உடலுக்குள் இரண்டு ஆட்கள் என்ற குழப்பத்துக்கு அது வழிவிட்டது. (சினிமாக்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு.) ஜப்பானில் நோயாளிகளின் குடும்பங்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் 2002-ல் அங்கே பெயரையே மாற்றினார்கள். அதன்பின் நோயின் பெயரை நோயாளியிடமே சொல்லும் மருத்துவர்கள் பெருகினார்கள். இதை நிறுத்தி, திரும்பவும் கேட்டேன்.

1980-ஐ மட்டும் ஏன் இப்படி அவசரமாக ஓட்டினார்களோ! அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் ‘மேனிக் டிப்ரெசிவ்’ பைபோலார் ஆனதும், போர்வீரர்களின் ‘ஷெல் ஷாக்’ (போர்முனை அதிர்ச்சி) வழிவந்த பிடிஎஸ்டி, அதாவது பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனப் பாதிப்பு, இடம்பிடித்ததும் அந்த ஒரே பதிப்பில்தான். எனக்கு வேண்டியது அங்கேதான் இருந்தது.

இன்னொரு எரிச்சல். பெயர்களின் காயத்தைப் பற்றி இவ்வளவு பேசும் குரல், நடுநடுவே ‘பைத்தியக்காரத்தனமான முடிவு’ என்று சாதாரணமாகச் சொல்கிறது. எடிட்டர் கவனித்திருக்கலாம்.

ஐந்துக்கு மூன்றரை. உடன் இருந்து பார்த்துக்கொள்பவர்கள் ஸ்கிசோஃப்ரீனியா பகுதியிலிருந்து தொடங்குங்கள், முன்னுரையைத் தாண்டிவிடலாம்.