கத்திமுனையா, பால் பேரிங்கா?

காற்றில் அசையும் உலோகச் சிற்பத்துக்கு உயிரே அச்சுதான். இளங்காற்றுக்கும் ஊசலாட வேண்டுமென்றால் கத்திமுனைதான் மேல். வி வடிவப் பள்ளத்தில் கூரிய விளிம்பு உட்காரும்; உராய்வு மிகக் குறைவு, எண்ணெயும் வேண்டாம். எடைமையம் மட்டும் விளிம்புக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும், மேலே போனால் கவிழ்ந்துவிடும். பலத்த காற்றில் பள்ளத்தை விட்டுத் துள்ளும் என்பதால் தடுப்புக் கம்பி கட்டாயம். விளிம்பு, பள்ளம் இரண்டுமே ஸ்டெயின்லெஸ் என்றால் ஒன்றையொன்று கவ்வித் தேயும். பள்ளத்தை வெண்கலத்தில் செய்யுங்கள்.

முழுச் சுற்றுக்கு, வளையங்களுக்கு நடுவே சிறு குண்டுகள் உருளும் பால் பேரிங்தான். அதன் பக்கங்களை மூடும் ரப்பர் சீலும் கெட்டி கிரீஸும் இருந்தால் மெல்லிய காற்றில் இறக்கை அசையாது. சீலைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, மெல்லிய எண்ணெய் 2 சொட்டு விட்டால் சுண்டியதும் நெடுநேரம் சுற்றும். ஆனால் மழைநீர் புகாமல் மேலே தொப்பி வேண்டும். இறக்கை ஒரே பக்கம் இறங்கினால் எதிர்ப்பக்கம் வாஷர் சேர்க்கவும்.